கல் அறுக்கும் கட்டரில் மரம்: குமாரபாளையத்துத் தச்சுப் பட்டறைகளும் கை வட்ட ரம்பமும்

காவிரியின் இந்தக் கரையில் குமாரபாளையம், எதிர்க்கரையில் பவானி. இரண்டு ஊரும் பிழைப்பது நூலால்தான். இங்கே லுங்கியும் துண்டும், அங்கே ஜமக்காளம். ஆனால் நூல் ஓட மரம் வேண்டும். குழித்தறியின் சட்டங்கள், விசைத்தறியில் நாடா அடிபட்டு ஓடுகிற பலகை, பாவு சுற்றிய உருளைகளைத் தாங்கும் கட்டைகள் என்று தறிக்கூடமே தச்சருக்குச் சோறு போட்டது. அது போக வீட்டு நிலவும் கதவும் ஜன்னலும். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் போனால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். தறிகள் இரும்புக்கு மாறிய பிறகு, வீடுகளில் பிளைவுட்டும் மைக்காவும் நுழைந்த பிறகு, வேலையின் அளவு குறையவில்லை, அதன் சாயல் மாறியது. இரண்டு பேர் முன்னும் பின்னும் இழுத்த பெரிய வாள் மரவாடியோடு நின்றுபோயிற்று. ஒருவர் கையில் பிடித்து அறுக்கும் மின் ரம்பம் வீட்டுக்கு வீடு கேட்கிறது.

வந்த இயந்திரத்தில்தான் சிக்கல். நம் பக்கத்துத் தச்சர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது மரம் அறுக்கச் செய்த ரம்பம் அல்ல. டைல்ஸும் மார்பிளும் கிரானைட்டும் அறுப்பதற்காகச் செய்த நாலு அங்குலக் கட்டர். அதில் கல் பிளேடைக் கழற்றிவிட்டு மர பிளேடை மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை வாட் வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் இதற்கு அப்புறம் வருபவை. முதலில் தீர்க்க வேண்டியது, கல்லுக்குச் செய்ததை மரத்துக்கு எதுவரை பயன்படுத்தலாம் என்பது.

வட்ட ரம்பம் பழைய சங்கதி. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777-இல் பெற்ற காப்புரிமையிலேயே அது பேசப்படுகிறது. ஆனால் அது மில்லில் நிலையாக நிற்கும் ரம்பம். மரம்தான் ரம்பத்தைத் தேடி வர வேண்டும். ரம்பத்தை மரத்திடம் தூக்கிப்போகும் யோசனை 1920-களில்தான் பலித்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிச்செல் என்பவர், கரும்புத் தோட்டத்தில் ஆட்கள் அரிவாளை ஓங்கி ஓங்கி வெட்டிக் களைப்பதைக் கண்டு, அரிவாளில் ஒரு சின்ன மோட்டாரையும் வட்டப் பிளேடையும் பொருத்திப் பார்த்தார். கரும்புக்கு அது தேறியதோ இல்லையோ, மரத்துக்குத் தேறியது. ஜோசப் சல்லிவன் என்ற கூட்டாளியோடு 1924-இல் கம்பெனி தொடங்கினார். அதுவே பிற்பாடு ‘ஸ்கில்சா’ ஆயிற்று. பவானியை அடுத்த கவுந்தப்பாடியில் இன்னும் கரும்பு வெட்டக் கத்திதான். கரும்புக்காகப் பிறந்த கருவியோ நம் வீட்டுக் கதவை அறுக்கிறது.

நம் நாட்டில் மரத்துக்கென்றே செய்த ஏழு அங்குல ரம்பம் பரவுவதற்கு முன்பே நாலு அங்குலக் கட்டர் பரவிவிட்டது. காரணம் புரியாதது அல்ல. மொசைக் தரை போய் டைல்ஸும் கிரானைட்டும் வந்தபோது ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு கட்டர் இருந்தது. டைல்ஸ் போடுபவரிடம் வாங்கித் தச்சர் ஒரு பலகையை அறுத்துப் பார்த்தார். வெண்ணெயாக அறுத்தது. கடையில் 110 மில்லிமீட்டர் மர பிளேடும் கிடைத்தது. பெயர் பெற்ற கம்பெனியின் கட்டர் சுமார் ஐந்தாயிரம் ரூபாய். அதே கம்பெனியின் ஏழு அங்குல ரம்பம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டரின் எடை மூன்று கிலோவுக்குள், டூவீலர் பையில் அடங்கும், மாடிப்படி ஏறும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அதன் ஆழம் தாராளம். தினக்கூலிக்கு வேலை செய்கிறவர் வேறு என்ன முடிவு எடுப்பார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இரண்டு இயந்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விலையில் மட்டும் இல்லை என்று தெரியும்.

முதலில் வேகம். நாலு அங்குலக் கட்டர் நிமிடத்துக்கு சுமார் 12,000 முதல் 13,000 சுற்று சுற்றும். ஏழு அங்குல மர ரம்பம் 5,000 முதல் 5,500 சுற்று. பிளேடு சின்னது என்பதால் வேகம் சமமாகிவிடும் என்று நினைக்கலாம். கணக்குப் போட்டால் அப்படி வருவதில்லை. 110 மில்லிமீட்டர் பிளேடு 12,000 சுற்றில் சுற்றினால் பல்லின் நுனி நொடிக்கு 69 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். 190 மில்லிமீட்டர் பிளேடு 5,500 சுற்றில் நொடிக்கு 55 மீட்டர், மணிக்கு 200-ஐத் தொடுவதில்லை. சின்னதுதான் வேகமானது. பல் ஒன்று பெயர்ந்தால் அந்த வேகத்தில்தான் தெறிக்கும்.

அடுத்தது கவசம். மர ரம்பத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். பிளேடின் கீழ்ப்பாதியை மூடிக்கொண்டு ஒரு தகடு இருக்கும். பலகைக்குள் நுழையும்போது பலகையின் விளிம்பே அதைப் பின்னுக்குத் தள்ளும். அறுத்து வெளியே வந்ததும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை ‘டப்’பென்று திரும்ப மூடும். சுவிட்சை விட்ட பின்னும் சில நொடிகள் பிளேடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் ரம்பத்தைத் தொடை மேலோ தரை மேலோ வைத்தாலும் பல் எதையும் தொடாது. கல் கட்டரில் இந்தக் கீழ்க்கவசமே கிடையாது. மேலே ஒரு நிலையான மூடி மட்டும். சில மாடல்களில் தண்ணீர்க் குழாய் செருகும் முனைகூட இருக்கும். அது எதற்காகப் பிறந்த கருவி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கல் பிளேடுக்குப் பல் கிடையாது, வைரத்தூள் பதித்த விளிம்புதான். பட்டால் உரசும், பிய்க்காது. அதற்கு அந்த மூடி போதும். கார்பைடு பல் வைத்த மர பிளேடுக்குப் போதாது.

மூன்றாவது கைப்பிடி. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏழு அங்குல ரம்பத்தில் பின்னால் ஒரு பிடி, முன்னால் ஒரு பிடி. இரண்டு கையும் இயந்திரத்தின் மேல் இருந்தால் பிளேடுக்கு முன்னால் போக மூன்றாவது கை இல்லை. கட்டரை ஒரு கையால் பிடிக்க முடியும். அதனாலேயே அடுத்த கை பலகையைப் பிடிக்கப் போகிறது. தரையில் உட்கார்ந்து ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு, இடது கையால் நுனியை அழுத்திக்கொண்டு, வலது கையில் கட்டர் என்பது நம் கட்டடங்களில் தினமும் காணும் காட்சி. கைவாளுக்கு அந்த இருப்பு அருமையான இருப்பு. காலே பட்டறையாக இருந்த ஒரு தலைமுறையின் கெட்டிக்காரத்தனம். கைவாள் நழுவினால் தோல் கிழியும். கட்டர் துள்ளினால் எதிரே இருப்பது பாதமும் தொடையும். தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கட்டரைத் தலைகீழாகக் கட்டிவிடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றில் நீளமாக ஒரு கீறல் அறுப்பார்கள். அடியிலிருந்து கட்டரின் அடித்தகட்டை நாலு ஸ்குரூவில் பலகையோடு முடுக்குவார்கள். பல் மேலே எட்டிப் பார்க்கும். கட்டரில் சுவிட்சை அழுத்தியபடி நிறுத்திவைக்கும் பொத்தான் உண்டு. கல் அறுப்பவர் நீண்ட நேரம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக வைத்தது. அதை அமுக்கி விட்டால், அல்லது ஒரு டேக் வைத்துக் கட்டிவிட்டால், ஆயிரம் ரூபாய்ச் செலவு இல்லாமல் டேபிள் ரம்பம் தயார். வழிகாட்ட ஒரு நேர்ச்சட்டம். மேலே கவசம் இல்லை, அறுத்த இடம் மூடாமல் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் கத்தித் தகடு இல்லை, விபத்து என்றால் கைக்கெட்டும் இடத்தில் சுவிட்ச் இல்லை. குனிந்து மேசைக்கு அடியில் தேடி அணைக்க வேண்டும். ரீப்பர் அறுக்கும்போது மெல்லிய பட்டையைக் கட்டைவிரலால் தள்ளுவார்கள். கடைசி இரண்டு அங்குலத்தில் பலகை முடிந்துவிடும், தள்ளிய வேகம் முடியாது.

தரக்கட்டுப்பாட்டு விதிகளை எழுதுகிறவர்கள் கை வட்ட ரம்பத்துக்கென்று தனி விதி வைத்திருக்கிறார்கள். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62841 வரிசையில் 2-5 என்ற பகுதி முழுக்க இதற்குத்தான். அதன்படி செய்த ரம்பத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் சுவிட்சே இயங்கும். தானாக ஓட விட்டுவிட முடியாது. கட்டரில் ஓடவிடும் பூட்டு, ரம்பத்தில் ஓடவிடாத பூட்டு. இரண்டுக்கும் நோக்கம் நேர் எதிர்.

கட்டரைத் தலைகீழாகக் கட்டுவதைவிட மோசம் ஒன்று உண்டு: வெல்டிங் பட்டறை கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவது. பிளேடு உள்ளே நுழையாது என்பதற்காகக் கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். ஆழத்தைக் கட்டுப்படுத்த அடித்தகடும் கிடையாது. இதைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

விரல் போவதைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கொங்குப் பகுதி விசைத்தறியும் பவுண்டரியும் அறவை மில்லும் நிறைந்த இடம். கை நசுங்குவதும் துண்டாவதும் இங்கே அரிய சம்பவங்கள் அல்ல. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் கை மற்றும் நுண் அறுவைப் பிரிவு, டாக்டர் எஸ். ராஜசபாபதி தலைமையில் உலக அளவில் பெயர் பெற்றதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். குமாரபாளையத்திலிருந்து பெருந்துறை, அவிநாசி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 544-இல் கோவை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தூரம் துண்டான விரலுக்குத் தாங்கும், அதைச் சரியாகக் கொண்டுபோனால். விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்ற வேண்டும். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸ் கட்டி போட்ட இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து செத்துவிடும். காப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதையும் அப்பக்கூடாது. வெட்டுப்பட்ட கையை உயர்த்திப் பிடித்து, துணியால் அழுத்திக் கட்டி, உடனே கிளம்ப வேண்டும். கை மணிக்கட்டோடு போயிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள். விரலுக்குத் தசை குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு.

தொழிலாளர் இழப்பீட்டுக்காக 1923-இல் வந்த சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்றும், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. உளி பிடிக்கிற ஆசாரிக்குக் கட்டைவிரல் 30 சதவீதம்தானா என்று கேட்கத் தோன்றும். அது போக, வீட்டுக்காரரிடம் நேரடியாக ஒப்பந்தம் பேசி வேலை செய்யும் தச்சருக்கு இழப்பீடு கொடுக்க முதலாளி என்று ஒருவர் இருப்பதே இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து வைத்திருந்தால் விபத்து உதவி கேட்கலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

இனி என்ன வாங்குவது என்ற கேள்விக்கு வரலாம். அதை முடிவு செய்வது வாட் அல்ல, ஆழம். நாலு அங்குலக் கட்டர் ஒன்றேகால் அங்குலத்துக்கு, ஏறத்தாழ 32 முதல் 34 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுக்கும். ஏழு அங்குலம் 65 முதல் 70 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலம் 85 வரை போகும். நம் வீட்டு நிலவுக்கு நாலுக்கு மூன்று, ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம். மூன்று அங்குலம் என்பது 75 மில்லிமீட்டர், ஆகையால் ஏழு அங்குல ரம்பம் ஒரே போக்கில் அறுக்காது. புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுக்க வேண்டும், மூலைமட்டம் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டிருந்தால் அது ஒரு சிரமமே அல்ல. ஒன்பது அங்குல ரம்பம் ஒரே போக்கில் போகும். எடை ஏழு எட்டு கிலோ, மோட்டார் 2,000 வாட்டுக்கு மேல். லாரி பாடிப் பட்டறைக்கும் நிலவு மட்டுமே செய்கிறவருக்கும் அது. மற்றவர்கள் அதைத் தூக்கித் தூக்கித் தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு வேலை, பிளைவுட், கதவு, கட்டில் என்று கலந்து செய்கிற தச்சருக்கு 1,200 முதல் 1,400 வாட் ஏழு அங்குல ரம்பமே சரி.

கம்பெனி பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பாஷ், மக்கிட்டா, டிவால்ட், ஹிட்டாச்சி பெயரை விட்டு ஹைக்கோகி ஆன ஜப்பான் கம்பெனி, இவற்றுக்குள் எது என்பது கைக்கு எது அமைகிறது என்பதைப் பொறுத்தது. கடையில் தூக்கிப் பாருங்கள். அடித்தகடு வார்ப்பா, வளைகிற தகரமா என்று பாருங்கள். ஒரு தடவை கீழே விழுந்து அடித்தகடு கோணினால் அப்புறம் எந்த அறுப்பும் நேராக வராது. கீழ்க்கவசம் தடையில்லாமல் ஆடி மூடுகிறதா என்று பத்துத் தடவை இழுத்து விட்டுப் பாருங்கள். கார்பன் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் ஈரோட்டிலோ சேலத்திலோ கிடைக்குமா என்று கேளுங்கள். பெயர் தெரியாத மலிவு ரம்பங்கள் ஓடாமல் இல்லை, ஆனால் ஒரு பிரஷ் தேய்ந்தாலே குப்பைக்குப் போய்விடும்.

பேட்டரி ரம்பம் இப்போது ஆசை காட்டுகிறது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி. அறுக்கும்போது ரம்பம் ஆயிரம் வாட் இழுத்தால் மொத்தம் ஐந்தரை நிமிட அறுப்பு. கேட்கக் குறைவாக இருந்தாலும், எட்டடிப் பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க ஒரு நிமிடத்துக்குள்தான் ஆகும். வீட்டில் அலமாரி செய்யும் அளவு வேலைக்கு இரண்டு பேட்டரி இருந்தால் ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும், இணைப்பு வராத புதுக் கட்டடத்திலும் அதன் அருமை தெரியும். தேக்குச் சட்டத்தை நாள் முழுக்க அறுக்க வயர் உள்ளதுதான் லாபம்.

வயர் என்றதும் இன்னொன்று. 1,400 வாட் என்பது 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியர். தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். வீட்டின் சின்ன பிளக் பாயின்ட் ஆறு ஆம்பியருக்குத்தான். பதினாறு ஆம்பியர் பாயின்ட்டில் செருகுவதே முறை. நூறடி நீளத்துக்கு மெல்லிய அரை ஸ்கொயர் எம்எம் வயரில் எக்ஸ்டென்ஷன் இழுத்தால் 13 வோல்ட் வழியிலேயே தொலையும். ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயரில் நாலு வோல்ட்டோடு போகும். வோல்டேஜ் குறைந்த மோட்டார் சூடாகும், திணறும். ரம்பம் திணறுகிறதே என்று அழுத்துவோம். அங்கேதான் துள்ளல் ஆரம்பம். கட்டடத்தில் தண்ணீர் தெளித்த தரையில் நின்று வேலை என்பதால் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் (ஆர்சிசிபி) வைத்த போர்டு இல்லாமல் செருகாதீர்கள்.

பிளேடில்தான் பணம் போட வேண்டும். பத்தாயிரம் ரூபாய் ரம்பத்தில் இருநூறு ரூபாய் பிளேடை மாட்டிவிட்டு இயந்திரத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஏழு அங்குலத்தில் 24 பல் நீளவாக்கில் வேகமாக அறுக்க. 40 பல் பொதுவுக்கு. 60 பல் மைக்கா ஒட்டிய பிளைவுட்டுக்கு. பல் கூடினால் அறுப்பு வழவழப்பாகும், வேகம் குறையும், கருகும். பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச சுற்று எண்ணிக்கை, இயந்திரத்தின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். நடு ஓட்டை சரியாகப் பொருந்த வேண்டும். பெரிய ஓட்டைக்குக் கம்பெனி தரும் வளையத்தைப் போடலாம், பேப்பர் சுற்றி இறுக்கக்கூடாது.

பிளேடைக் கெடுப்பது மரம். தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து உண்டு, அதனால் பல் சீக்கிரம் மழுங்கும். தைலமரத்துக்கு வேறு குணம்: வளரும்போது அடக்கிவைத்த இறுக்கம் அறுக்கும்போது அவிழ்ந்து, அறுத்த பிளவு பிளேடைக் கவ்வும். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுக்கத் தும்மல். சாலையோர மரம் என்றால் இன்னும் உஷார். டியூஷன் சென்டர் போர்டு, சிட்பண்ட் போர்டு என்று அடித்த ஆணிகளின் மேல் பட்டை வளர்ந்து மூடியிருக்கும். இடித்த வீட்டு உத்தரமும் கழித்த தறிச் சட்டமும் வைரம் பாய்ந்த நல்ல மரம்தான், ஆனால் ஒரு காந்தத்தை மேலே இழுத்துப் பார்த்துவிட்டு ரம்பத்தை வைக்க வேண்டும்.

அறுக்கும் முறையில் ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கை ரம்பத்தின் பல், பலகையை அடியிலிருந்து மேல் நோக்கி அறுக்கிறது. ஆகவே சிலும்பு மேல்பக்கம்தான் எழும். மைக்கா முகம், நல்ல முகம் கீழே பார்த்திருக்க வேண்டும். கோடு பின்பக்கத்தில் போட வேண்டும். பிளேடின் ஆழத்தைப் பலகைக்குக் கீழே ஒரு பல் மட்டும் தெரிகிற அளவுக்கு வைத்தால் போதும். முழு ஆழமும் இறக்கி வைத்தால் அடியில் தொங்கும் பிளேடுக்கு எதுவும் தட்டுப்படலாம், காலும் சேர்த்து.

துள்ளல் என்பது பிளேடு கவ்வப்படுவதால் வருவது. பலகையின் இரண்டு முனையையும் இரண்டு ஸ்டூலில் வைத்து நடுவில் அறுத்தால், அறுபட அறுபட நடுப்பகுதி தொய்ந்து பிளவின் மேல்வாய் மூடும். பிளேடின் பின்பகுதிப் பற்கள் கீழ் நோக்கி ஓடுபவை. மரம் அவற்றைப் பிடித்துக்கொண்டால் ரம்பம் மேலெழும்பிப் பின்னோக்கி நம்மை நோக்கி வரும். இயந்திரம் உதைப்பது அவ்வளவு வேகமாக நடக்கும், கை தடுப்பதற்குள் முடிந்துவிடும். தவிர்க்க வழி எளிது. பலகை முழுவதுக்கும் அடியில் தாங்கல் கொடுங்கள், அல்லது வெட்டிப்போகும் துண்டு மட்டும் வெளியே தொங்கும்படி வையுங்கள். எட்டுக்கு நாலு பிளைவுட்டைத் தரையில்தான் அறுக்க வேண்டுமென்றால், அடியில் இரண்டு அங்குலத் தெர்மாகோல் பலகையை விரித்து அதன் மேல் பிளைவுட்டைப் போடுங்கள். பிளேடு தெர்மாகோலுக்குள் கால் அங்குலம் போய் வரும், இரண்டு துண்டும் அசையாமல் கிடக்கும். பலகைக்கு மேல் மண்டியிட்டு இரண்டு கையாலும் ரம்பத்தைத் தள்ளலாம். தரையில் வேலை செய்து பழகிய நம் ஆட்களுக்கு மேசை வாங்கச் சொல்வதைவிட இது ஒத்துவரும்.

நேராக அறுக்கக் கண்ணை நம்ப வேண்டாம். கொத்தனார் பூச்சுக்கு வைத்திருக்கும் அலுமினிய மட்டப்பலகை ஆறடியில் கிடைக்கும். அடித்தகட்டின் விளிம்புக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தை அளந்து, கோட்டிலிருந்து அந்தத் தூரம் தள்ளி அதை சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அந்தத் தூரத்துக்கு ஒரு துண்டுப் பலகையை அறுத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் டேப் வேண்டாம். பெரும்பாலான ரம்பத்தில் பிளேடு மோட்டாருக்கு வலப்பக்கம் இருக்கும். அடித்தகட்டின் அகலமான இடப்பக்கம், நமக்கு வேண்டிய துண்டின் மேல் உட்கார வேண்டும். முழு வேகம் வந்த பிறகு மரத்தைத் தொடுங்கள். ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். நடுவில் நின்றுபோனால் ஓடிக்கொண்டே பின்னுக்கு இழுக்காதீர்கள், சுவிட்சை விட்டு பிளேடு நின்றபின் எடுங்கள். பிளேடு மாற்றும்போது சுவிட்ச் அணைந்திருந்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

லுங்கி நெய்யும் ஊரில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ரம்பம் பிடிக்கும்போது லுங்கி வேண்டாம். துணிக் கையுறையும் வேண்டாம். பல் ஒரு நூலைப் பிடித்தால் கையையே இழுத்துக்கொள்ளும். கண்ணாடி கட்டாயம். காதுக்கு அடைப்பான் கட்டாயம்: நூறு டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடமே பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு. தறிச் சத்தத்தில் ஏற்கெனவே பாதிக் காது போன ஊர் இது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. எம்டிஎஃப் அறுத்தால் பசையின் வாடையும் சேரும். துண்டை மூக்கில் கட்டுவதால் பயனில்லை, என்95 முகக்கவசம் வேண்டும்.

நாலு அங்குலக் கட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சுவரோடு ஒட்டிய பலகையில் ஒரு ஓரத்தைக் கழிக்க, மாட்டிய கதவில் பூட்டுக்கு அருகே ஒரு கீறல் போட அதன் சிறிய உடம்பு உதவும். பலகையைக் கிளாம்ப்பில் இறுக்கி, மேல்மூடி கழற்றாமல், இரண்டு கையாலும் பிடித்து, அந்தச் சுற்றுக்கு ஏற்ற பிளேடோடு. அதற்கு மேல் அதனிடம் வேலை வாங்குவது கடன் வாங்குவது போல.

தினமும் மரம் அறுத்துப் பிழைப்பவர் அடுத்து வாங்குவது கீழ்க்கவசம் உள்ள ஏழு அங்குல ரம்பமாக இருக்கட்டும். மாநில அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்களுக்கு, கடனில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியம் உண்டு. 35 வயது கடந்தவர்கள் நாமக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். வேலைக்கு ஆள் வைத்திருக்கிற ஒப்பந்தக்காரர்களுக்கும், வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை: உங்கள் இடத்தில் கட்டரைத் தலைகீழாகக் கட்டிய மேசை இருந்தால் இன்றைக்கே அந்த நாலு ஸ்குரூவையும் கழற்றச் சொல்லுங்கள். ரீப்பரை மரவாடியிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளலாம். அடிக் கணக்கில் ஆகும் கூலி அதிகமில்லை.